குமரப்பாவும் எங்கள் ஊர்க் கிணறும்

திண்டுக்கல்லுக்கு வருவாருடைய கண்ணில் முதற்கண் படுவது, ஊரை ஒட்டித் தனித்து நிற்கும் பெரும் பாறையும் அதன்மேல் அமைந்த கோட்டையுமே. அப்பாறையின் உச்சியில் நின்று நோக்குவார்க்குக் கிழக்கே சிறுமலையும், மேற்கே கொடைக்கானலைத் தன்மேற் கொண்ட பழனி மலைத்தொடரும், இடையே செம்மண் சமவெளியும் விளங்கித் தோன்றும். மேல்காற்றுக் கொணரும் மழையை மேற்கு மலைகள் தடுத்துக்கொள்ளுதலால், எம் சமவெளி ஐப்பசி கார்த்திகை மழையையே பெரிதும் நம்பிக் கிடப்பதாகும். குடகனாறு என ஓர் ஆறு உண்டு. ஆண்டிற் சில திங்களே அதில் நீரோடும்; அந்நீரும் வடக்கே சென்று அமராவதியிற் கலந்துவிடும். எஞ்சிய காலத்தில் உழவரைக் காப்பன கிணறுகளே.

பூட்டுக்கும் சுருட்டுக்கும் பெயர்பெற்ற எம்மூர் தோலுக்கும் பெயர்பெற்றது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளை எம்மவர் தோல் ஷாப்பு என்றே வழங்குவர். அவ்வட்டாரத்தில் என் பாட்டனார்க்குச் சிறு தோட்டம் ஒன்றும் அதில் ஒரு கிணறும் உண்டு. அவர் இளமையில் அக்கிணற்று நீரால் கத்தரியும் வெங்காயமும் பயிராயின என்றும், நீர் இளநீர்போல் இனித்தது என்றும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். யான் அறிந்த நாள் முதலாக அந்நீர் உவர்நீரே. செடிக்கு விட்டால் இலையின் ஓரம் கருகும். துணி வெளுத்தால் சோப்பு நுரையாது. நிறம் சற்றே பழுத்துக் காணும். இதற்குக் காரணம் எவ்வாலை என்று யாரும் சுட்டிச் சொல்ல இயலாது. பல ஆண்டுகளாகப் பல இடங்களினின்றும் நிலத்தில் இறங்கிய கழிவுநீரின் பயன் அது.

யான் உயர்நிலைப் பள்ளியிற் பத்தாம் வகுப்புப் பயின்றபொழுது, சாதாரண உப்பாவது சோடியமும் குளோரினும் கூடியது என்பதை மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் பெற்றேன். புவியியலில் நிலத்தடி நீர் என்னும் பாடமும் இருந்தது. தமிழ்ப் பாடத்தில் ஐவகை நிலங்களும் அவற்றின் கருப்பொருள்களும் வந்தன. ஆயினும் அம்மூன்று பாடங்களுக்கும் எங்கள் கிணற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை எனக்கு எவரும் சொல்லவில்லை, யானும் வினவினேனல்லேன். பதனிடுவதற்கு முன் பச்சைத் தோல் அழுகாதிருத்தற்பொருட்டு உப்பிட்டு வைக்கப்படுகிறது என்பதும், அவ்வுப்பெல்லாம் கழுவுநீரோடு வெளிச் செல்கிறது என்பதும், நீரிற் கரைந்த உப்பை மண் வடிகட்டாது என்பதும் கல்லூரிக்கு வந்த பின்னரே எனக்குத் தெரியவந்தன. அந்நாளில் எம் நூலகத்தில் கையிற் கிடைத்த ஒரு பழைய நூல், இக்குறையை நம் நாட்டவருள் ஒருவர் எண்பது ஆண்டுகட்கு முன்னரே நன்குணர்ந்திருந்தார் என்பதை எனக்குக் காட்டிற்று. அவர் ஜே. ஸி. குமரப்பா. அவர்தம் வாழ்வை இவ்விதழ் வாசகர்க்குச் சொல்ல விழைகின்றேன்.

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவர். அவர் தந்தையார் கார்னீலியஸ் என்பார் சென்னை அரசாங்கத்தின் மராமத்து இலாகாவில் அலுவல் பார்த்தவர். ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பதே பிள்ளைக்கு இட்ட பெயர். இளைஞர் லண்டன் மாநகர் சென்று கணக்காய்வுக் கலை பயின்று, முதல் உலகப் போர் முடிந்தபின் தாயகம் திரும்பினார். பம்பாயில் கார்னீலியஸ்-டாவர் என்னும் கணக்காய்வு நிலையத்தை நிறுவி நல்ல வருவாயும் பெற்றார். மேல்நாட்டு உடை, மேல்நாட்டு நடை, ஒழுங்கான கணக்கு, குறித்த நேரம் தவறாத வாழ்வு என்று அவர் காலம் சென்றது. அவ்வாறே சென்றிருப்பின் அவரைப் பற்றி இன்று எழுதுவார் இரார்.

முப்பத்தைந்து வயது கடந்தபின் அவர் அமெரிக்க ஐக்கிய நாட்டிற்குச் சென்று மீண்டும் மாணவரானார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் 1928-ஆம் ஆண்டு பட்டம் பெற்றுப் பின்னர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசிறைப் பொருளியல் கற்கப் புகுந்தார். அங்கே ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழ்மையுற்றிருக்கிறது என்பதுபற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவு செய்தித்தாளில் வெளிவந்தது. அதைக் கண்ட பேராசிரியர் செலிக்மன் அதனையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளும்படி அவரைத் தூண்டினார். ஆராயப் புகுந்தவர்க்கு அயலார் ஆட்சியின் வரவுசெலவுக் கணக்கே நம் நாட்டு வறுமையின் காரணத்தைக் காட்டிற்று. கணக்கர் ஒருவர் கணக்கின் வழியாகவே தேசபக்தரானார் எனல் மிகையன்று. கார்னீலியஸ் என்பதை விடுத்துக் குமரப்பா என்னும் தம் குடிப்பெயரை அவர் மேற்கொண்டதும் இக்காலத்ததே. அவர் இளவல் பாரதன் குமரப்பாவும் அவ்வாறே செய்தார்.

அவ்வாராய்ச்சி நூலை அச்சிடுதல் குறித்துக் காந்தியடிகளைக் காண 1929-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் அவர் சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். குறித்த நேரத்திற்குச் சற்று முன்னரே வந்தமையின், பட்டுடையும் கைத்தடியுமாக ஆற்றங்கரைப் பக்கம் உலவினார். சாணமிட்டு மெழுகிய தரையில் ஒரு மரத்தடியே அமர்ந்து முதியவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இராட்டையை முன்பு கண்டறியாத குமரப்பா தடிமேற் சாய்ந்து அதனை வேடிக்கை பார்த்து நின்றார். சிறிது பொழுது கழித்து அம்முதியவர் அவர் பெயரைச் சொல்லி அவர்தாமோ என்று வினவியபொழுதுதான், தாம் காண வந்தவர் அவரே என்று இவர்க்குப் புலனாயிற்று. தம் அழகிய காற்சட்டையின் மடிப்புக் கலைவதையும் பாராது உடனே தரையில் அமர்ந்தார். நாற்காலி வந்தது; அதனை வேண்டாவென்றார். அன்று தரையில் அமர்ந்தவர் பின்னர் எழுந்திருக்கவேயில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

அவருடைய ஆராய்ச்சி யங் இந்தியாவில் தொடராக வெளிவந்தது. ஆனால் காந்தியடிகள் அவர்க்கு இட்ட முதற் பணியே என் கருத்தை மிகவும் கவர்வது. குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைத் துணைக்கொண்டு கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவிலுள்ள சிற்றூர்களின் பொருள்நிலையை நேரிற் சென்று அளந்தறிவதே அப்பணி. குமரப்பாவுக்கு அப்போது குஜராத்தி மொழி தெரியாது. மாணவரோ, புத்தகத்திலன்றிப் புலத்தில் எதனையும் அளந்தறியாதவர். அவர்கள் ஊர் ஊராய்ச் சென்று, இன்ன குடும்பத்திற்கு இத்தனை நிலம், இத்தனை மாடு, இத்தனை கடன், இத்தனை வரி என்று குறித்தனர். கிணறும் மண்ணும் விளைவும் கணக்கில் ஏறின. 1931-ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வறிக்கை நிலவரியின் கொடுமையை எண்களாற் காட்டிற்று. அதினும் பெரிய பயன் ஒன்று உண்டென்பேன். மாணவன் ஒருவன் தன் பாடத்தைத் தன்னைச் சூழ்ந்த ஊரிலிருந்து படித்தறியலாம் என்பதனைக் குமரப்பா முதன்முதல் கண்டது அங்கேயாதல் வேண்டும்.

உப்புச் சத்தியாக்கிரகம் எழுந்தது. காந்தியடிகள் சிறை புகுந்தபின் யங் இந்தியாவை நடத்தியவருள் குமரப்பாவும் ஒருவர். அதன் பயனாகத் தாமும் சிறை புகுந்தார். கிறிஸ்தவர்கள் அகிம்சைப் போரில் சேரலாகுமோ என்பதுபற்றிக் கல்கத்தாப் பேராயர் வெஸ்ட்காட் அவர்களோடு அவர் நடத்திய கடிதப்போர் அக்காலத்தே புகழ்பெற்றது. 1934-இல் பீகாரில் நிலநடுக்கம் நேர்ந்தபொழுது நிவாரண நிதியின் கணக்கு அவர் கையிற் கொடுக்கப்பட்டது. தொண்டர்க்கு நாளொன்றுக்கு உணவுச் செலவு மூன்றணா என்று அவர் வரையறுத்தார். காந்தியடிகளே தம் பரிவாரத்தோடு வந்தபொழுதும், அவர்கட்கான பழச்செலவும் வண்டிச்செலவும் அந்நிதியிலிருந்து கொடுத்தற்கில்லை என்று மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். இதனைக் கடுமை என்பாரும் உண்டு. ஆனால் ஏழையின் பணத்திற்குக் காவலாய் நிற்பவர் வேறு எப்படி நிற்றல் கூடும்?

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவில் நிறுவப்பட்டது. அதன் செயலாளர் குமரப்பா. மகன்வாடி என்னும் இடத்தில் எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்த்தல், பனைவெல்லம், மண்பாண்டம் முதலியன ஆராயப்பட்டன. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கு அங்குச் சமைக்கப்பட்டது. சங்கத்தின் திங்களிதழ் கைக்காகிதத்திலேயே அச்சாயிற்று. வார்தாவுக்கருகே நால்வாடியில் இறந்த மாடுகளின் தோலைச் சிற்றூர் முறையிற் பதனிடும் நிலையமும் இருந்தது. திண்டுக்கல்லான் ஒருவனுக்கு இச்செய்தி எத்துணைச் சுவையுடையது என்பதை நண்பர்கள் உணர்வார்கள். எம் பக்கத்தும் பழைய முறை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவதே. குரோம உப்பு வந்தது பின்னரே. பட்டையும் பழிநீங்கியது அன்று என்பதனையும் உடன் சொல்லல் வேண்டும். பதனிடு பட்டைக்கென்றே அயல்நாட்டு வாட்டில் மரங்கள் பழனி மலைமேல் நடப்பெற்று, அங்குள்ள புல்வெளிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டன. புல்வெளி நீரைப் பிடித்துவைத்துக் கீழே விடுவது. ஆகவே ஒரு தோலின் கதை மலையுச்சியிலிருந்து எம் பாட்டனார் கிணறு வரை நீள்வதாயிற்று.

இனி, கல்விக்கு வருவோம். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 22, 23-ஆம் நாட்களில் வார்தாவிற் கூடிய கல்வி மகாநாடு, புதிய பாடத்திட்டம் ஒன்றை வகுக்குமாறு டாக்டர் ஜாகிர் ஹுசேன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அவரே 1967-இல் நம் நாட்டின் குடியரசுத் தலைவரானவர். வினோபாவும் காகா காலேல்கரும் அக்குழுவில் இருந்தனர். தமிழ் பேசும் கிறிஸ்தவக் குடியிற் பிறந்தார் இருவரும் இருந்தனர்: ஒருவர் யாழ்ப்பாணத்து ஆரியநாயகம், மற்றவர் நம் குமரப்பா. இரண்டு திங்களுக்குள் அறிக்கை முடிந்தது. 1938-இல் ஹரிபுராக் காங்கிரஸ் அத்திட்டத்தை ஏற்றது. இதுவே வார்தாத் திட்டம் என்றும் ஆதாரக் கல்வி என்றும் வழங்கலாயிற்று.

அத்திட்டத்தை நூற்றல் நெய்தலோடு முடிந்ததாக எண்ணுவார் பலர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அறிக்கையை நோக்கின் அது மூன்று நடுநிலைகளைக் கொண்டது என்பது விளங்கும். கைத்தொழில் ஒன்று, குழந்தையைச் சூழ்ந்த இயற்கை ஒன்று, குழந்தையைச் சூழ்ந்த சமுதாயம் ஒன்று. மொழி, கணக்கு, விஞ்ஞானம், வரலாறு, ஓவியம் ஆகிய எல்லாப் பாடங்களும் இம்மூன்றோடும் இணைக்கப்பட்டுக் கற்பிக்கப்படல் வேண்டும் என்பதே அதன் உயிர்க்கருத்து. ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் மூன்று மணி இருபது நிமிடம் கைத்தொழிலுக்கு ஒதுக்கப்பட்டது. பருத்தியை எடுத்த குழந்தை, அது விளையும் கரிசலைப் பற்றிக் கேட்கும்; இழையை எண்ணும்பொழுது பெருக்கல் வரும்; ஆடையின் கதையைச் சொல்லும்பொழுது நாட்டு வரலாறு வரும். தனியே சூழலியல் என்று ஒரு மணி நேரம் வைத்து, மற்ற மணிகளில் அதனை மறந்துவிடும் இன்றைய வழக்கம் அத்திட்டத்தில் இல்லை.

தமிழ் பயில்வான் ஒருவனுக்கு இஃது அத்துணைப் புதுமையன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, அந்நிலத்து உணவும் விலங்கும் மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருள் என்று தொகுத்து, அவற்றோடு பொருந்திய மனித ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றது. நிலத்தை விட்டு நெஞ்சம் தனியே பேசப்படவில்லை. மலைநிலமும் காட்டுநிலமும் வளங்குன்றிய வழிப் பாலையாதலைச் சிலப்பதிகாரமும் காட்டுகிறது. எங்கள் வகுப்பில் இவற்றை மனப்பாடஞ் செய்தோம். சிறுமலை எத்திணை, எங்கள் சமவெளி எத்திணை, அது எவ்வாறு திரிந்தது என்று வினவியிருப்பின், பள்ளிச் சன்னலைத் திறந்தே விடை கண்டிருப்போம்.

1942-இல் குமரப்பா மீண்டும் சிறைப்பட்டார். ஜபல்பூர்ச் சிறையிலே அவர் எழுதிய நூல்கள் இரண்டு. ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றது நிலைபேறுடைய பொருளியலைப் பற்றியது. நூலகத்தில் யான் கண்டது பின்னதே. அதில் அவர் இயற்கைப் பொருள்களை இருவகையாகப் பகுக்கிறார். நிலக்கரியும் மண்ணெண்ணெயும் உலோகக் கனிகளும் நீர்த்தொட்டி போல்வன. எடுக்க எடுக்கக் குறைவன. காடும் கால்நடையும் விளைச்சலும் ஓடுநீர் போல்வன. முறையறிந்து கொண்டால் என்றும் வந்துகொண்டிருப்பன. தொட்டியை நம்பிய பொருளியல் ஒருநாள் போரிலே முடியும் என்பது அவர் துணிபு. கிணறு இவ்விரண்டில் எதனைச் சேரும் என்று யான் பலநாள் எண்ணியதுண்டு. மழை வரும் அளவுக்கு இறைத்தால் அது ஓடுநீர். ஆழ்துளையிட்டு உறிஞ்சினால் தொட்டி. உப்பை இறக்கினால் இரண்டுமன்று.

மாந்தரின் பொருள் தேடும் முறைகளை விலங்கு பறவைகளைக் கொண்டு அவர் விளக்கும் பகுதி பள்ளிச் சிறுவர்க்கும் எளிதில் விளங்குவது. ஆட்டைக் கொன்று தின்னும் புலி முதற்படி. தான் நடாத மாந்தோப்பிற் புகுந்து கனி பறிக்கும் குரங்கு அடுத்தபடி. மலரிலே தேன் கொள்ளும் வண்டு கொள்வதற்கு ஈடாக மகரந்தத்தைக் கொண்டுசென்று காய்ப்பிக்கிறது. தேனீக்கூட்டம் தனக்கென்று சேர்க்காது கூட்டுக்கென்று சேர்க்கிறது. தன் குஞ்சின் வாயில் இரையூட்டும் தாய்ப்பறவை கைம்மாறு கருதாது உழைக்கிறது. இவ்வைந்து படிகளில் தன் ஊர்த் தொழில் ஒவ்வொன்றும் எப்படியில் நிற்கிறது என்று ஒரு வகுப்பில் கேட்டால், அது விலங்கியற் பாடமா, பொருளியற் பாடமா, நீதிபோதனையா என்று பிரிக்க வொண்ணாது.

கணக்குப் பாடத்திற்கும் அவர் பொருள் வைத்துள்ளார். ஓர் இலக்கம் மக்கள் வாழும் வட்டாரத்திற்குச் சமச்சீர் உணவு வேண்டுமாயின், தானியத்திற்கு எத்தனை ஏக்கர், பருப்புக்கு எத்தனை, காய்கனிக்கும் எண்ணெய் வித்துக்கும் பருத்திக்கும் எத்தனை என்று அவர் பட்டியலிட்டார். உணவு விளையக்கூடிய நிலத்திற் புகையிலையும் ஆலைக்கரும்பும் பரவுவதை அவர் வெறுத்தார். பாழ்நிலத்தில் தானே நிற்கும் பனை வெல்லந் தரும்பொழுது நன்செய் நிலத்தைக் கரும்புக்குக் கொடுப்பானேன் என்பது அவர் வாதம். சுருட்டால் பெயர்பெற்ற எம்மூரார்க்கு அவர் சொல் இனித்திராது. புகையிலையால் அடுப்பெரிந்த குடும்பங்கள் எம் தெருவிலேயே பல. அவற்றின்முன் இவ்வாதத்தை எடுத்துச் செல்லுங்கால் மாற்றுப் பிழைப்பு யாது என்ற வினாவுக்கும் விடைகொண்டு செல்லல் வேண்டும். குமரப்பா விடை வைத்திருந்தார், ஆனால் கேட்பார்க்குக் காத்திருக்கும் பொறுமை அவர்க்குக் குறைவு.

விடுதலைக்குப்பின் நிலச்சீர்திருத்தக் குழுவின் தலைவராய் அவர் அளித்த அறிக்கை 1949-இல் வெளிவந்தது. உழுபவனுக்கும் அரசுக்கும் இடையே தரகர் இருத்தலாகாது என்று அது கூறிற்று. புதிய அரசாங்கமோ பேரணைகளையும் பெருந்தொழிற்சாலைகளையும் நோக்கிச் சென்றது. இரசாயன உரம் மண்ணுக்கு ஊக்கமருந்தேயன்றி உணவாகாது என்று அவர் வாதாடியதை அன்று கேட்டார் சிலரே. சமரசம் என்பது அவர் இயல்பில் இல்லை. நண்பரையும் கடிந்து பேசுவார். நாளடைவில் தலைநகரத்து அவைகளினின்றும் அவர் விலகினார். வார்தாவுக்கருகே சேல்டோ என்னும் சிற்றூரிற் பண்ணை ஆசிரமம் நடத்தினார். 1950-களின் தொடக்கத்தில் சீனத்தையும் ருஷியாவையும் கண்டு வந்தார். பின்னர் உடல்நலங்குன்றி நம் பாண்டி நாட்டிற்கே வந்துவிட்டார்.

மதுரைக்குத் தென்மேற்கே தே. கல்லுப்பட்டியில் 1940-இல் தொடங்கப்பெற்ற காந்தி நிகேதன் ஆசிரமத்திலே அவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். அந்நாளில் எம் திண்டுக்கல்லும் மதுரை மாவட்டத்ததே. தனி மாவட்டமானது 1985-இல். மணஞ்செய்துகொள்ளாத அவர்க்குச் சிறு குடிலே வீடு. அக்குடிற் சுவரில் ஓர் ஏழைக் குடியானவன் படம் தொங்கிற்றாம். தம் தலைவர் காந்தியடிகள் என்றும், அத்தலைவர்க்குத் தலைவன் இக்குடியானவன் என்றும் வந்தவர்க்கு அவர் காட்டுவாராம். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார். காந்தியடிகள் மறைந்ததும் அத்தேதியே.

அவர் கைவைத்த கல்வித் திட்டம் என்னாயிற்று? எம்மூர்க்கருகே சின்னாளப்பட்டிப் பக்கத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனாரும் 1947-இல் நிறுவிய காந்திகிராமம் அக்கல்வியைப் போற்றிய இடங்களுள் ஒன்று. அங்கே 1956-இல் தோன்றிய கிராமியக் கல்வி நிலையம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஆனால் நாடெங்கும் பரவிய ஆதாரப் பள்ளிகள் பல பெயரளவிலேயே ஆதாரப் பள்ளிகளாயின. பயிற்சியற்ற ஆசிரியர் தக்கிளியைக் கையிற் கொடுத்துவிட்டு, பாடத்தைப் பழையபடியே நடத்தினர். பெற்றோர்க்கும் ஐயம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கையுழைப்பிற் கட்டுண்டு கிடந்தவர், தம் மக்கள் பள்ளியிலும் அதனையே செய்வதா என்று கேட்டனர். சென்னை மாகாணத்தில் 1953-இல் இராஜாஜி கொணர்ந்த அரைநாட் பள்ளித் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு மறு ஆண்டே கைவிடப்பட்டது. அது வார்தாத் திட்டமன்று. எனினும் தொழிலோடு கூடிய கல்வி என்றாலே மக்கள் அஞ்சும்படி அது செய்துவிட்டது. இவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளுதல் தகாது. என் தோழர் ஒருவர், தம் பாட்டனார் தோல் ஷாப்பிற் சுண்ணாம்புக் குழியில் நின்றே கால் வெந்தவர் என்றும், தாம் அத்தோலைப் பற்றிப் பாடத்திலும் படிக்க வேண்டுமோ என்றும் என்னைக் கேட்டார். அவர்க்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. பின்னர் எண்ணியபொழுது, தொழிலைச் செய்விப்பதும் தொழிலை ஆராய்விப்பதும் வேறு என்று தோன்றிற்று. அக்குழியில் எவர் நின்றார், ஏன் அவர் மட்டும் நின்றார் என்பதும் அப்பாடத்தில் ஒரு பகுதியாதல் வேண்டும். குமரப்பாவின் நூலில் அவ்வினா போதிய அழுத்தம் பெறவில்லை என்பதே என் கருத்து.

1991-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், எம். ஸி. மேத்தா தொடுத்த வழக்கில், சூழற்கல்வியைப் பள்ளிகளிற் கட்டாயப் பாடமாக்குமாறு உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டமோ, அதனைத் தனிப் பாடமாக ஒதுக்காது எல்லாப் பாடங்களிலும் ஊடுருவச் செய்தலையே விரும்பிற்று. குமரப்பா இருந்த குழு அறுபத்தெட்டு ஆண்டுகட்கு முன் சொன்ன இடத்திற்கே நாடு சுற்றி வந்தது என்னலாம். தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கிலும் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்று விதித்து, திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் ஆலை ஒவ்வொன்றுக்கும் பதினாயிரம் ரூபாய் அபராதமும் இட்டது. கழிவுநீரைப் பொதுவில் தூய்மை செய்யும் நிலையமும் எம்மூரில் ஏற்பட்டது. எனினும் முன்னே நிலத்தில் இறங்கிய உப்பைத் தீர்ப்பு மேலே கொணர மாட்டாதன்றோ?

கடந்த விடுமுறையில் எங்கள் தெருவிலுள்ள ஒன்பதாம் வகுப்புச் சிறுவர் மூவரைக் கூட்டிக்கொண்டு கிணறு கிணறாகச் சென்றேன். ஒவ்வொன்றிலும் ஒரு படி நீர் எடுத்து, ஒரே அளவான மண்சட்டியிலிட்டு வற்றக் காய்ச்சினோம். சட்டியின் அடியிற் படிந்த வெண்பொடியைச் சுரண்டி, நகைக்கடைத் தராசு உடைய அண்ணாச்சி ஒருவரிடம் நிறுத்து, ஊர்ப்படம் ஒன்று வரைந்து அதில் எண்களைக் குறித்தோம். குடகனாற்றை நோக்கிச் சரியும் பக்கத்தில் எண்கள் பெரியனவாயின. அஃது ஏன் என்று யான் சொல்வதற்குள் மூவரில் இளையவன், மழைநீர் எப்பக்கம் ஓடுகிறதோ அப்பக்கமே உப்பும் ஓடுகிறது என்று கண்டுகொண்டான். பாட்டனார் திண்ணையில் இருந்தபடியே படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். தம் கிணற்றைக் குறித்த இடம் சரியன்று என்றும், அது வேம்பிற்குத் தெற்கே இருக்கிறது என்றும் சொல்லி, பென்சிலைக் கேட்டார்.